நாற்பத்தொன்பது அடி: ரெட் நதிக் கரையில் 1997 ஏப்ரல்

1997 ஏப்ரல் தொடக்கத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்துக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தின் கிழக்கு எல்லையில், ரெட் நதியின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் அது. அப்போது அங்கே ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர். எதிர்க்கரையில், மினசோட்டா மாநிலத்துக்குள், ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர், எட்டு ஒன்பதாயிரம் பேர். குளிர்காலம் முழுக்க இறுகிக் கிடந்த பனி உருகத் தொடங்கியிருந்தது. பிப்ரவரி கடைசியிலிருந்தே இரண்டு ஊரிலும் எல்லோர் வாயிலும் ஓர் எண் இருந்தது: 49. ஆற்றின் நீர்மட்டம் ஊரின் அளவுகோலில் 49 அடி வரை ஏறும் என்று தேசிய வானிலைச் சேவை சொல்லியிருந்தது.

ஏப்ரல் 5, சனிக்கிழமை. மழை பிடித்தது. மழை உறைமழையானது, உறைமழை பனியானது, பனி பெரும்புயலானது. இரண்டு நாளில் வசந்தத்தை அந்தச் சமவெளியிலிருந்து யாரோ துடைத்து எடுத்துவிட்டதைப் போல மறுபடியும் நடுக்குளிர்காலம். அந்தக் குளிர் விலகி, உருகல் திரும்பத் தொடங்கி, இரண்டே வாரத்துக்குள் ஆறு 54 அடியைத் தாண்டியது. ஊர் மூழ்கியது. மூழ்கிய ஊரின் நடுவே தீப்பிடித்து எரிந்தது.

வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கரை உடைந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். நான் அதற்கு முந்தைய பனிப்புயல் வாரத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். என் பார்வையில், கரையின் விதி எழுதப்பட்டது அந்த வாரத்தில்தான்.

ஆறும் தரையும்

ரெட் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது. வட டகோட்டாவின் வாபெட்டன், மினசோட்டாவின் பிரெக்கென்ரிட்ஜ் ஆகிய இரட்டை ஊர்களின் அருகே இரண்டு சிற்றாறுகள் கூடி இது பிறக்கிறது. இரு மாநிலங்களுக்கும் எல்லையாகவே ஓடி, கனடாவுக்குள் புகுந்து, வினிபெக் ஏரியில் சேர்கிறது. வடக்கே ஓடுவதால் வரும் தொல்லை எளிமையானது. வசந்தம் தெற்கிலிருந்து வருகிறது. ஆற்றின் தலைப்பகுதியில் பனி முதலில் உருகுகிறது. அந்த நீர் கீழே போகப் போக, இன்னும் உறைந்து கிடக்கும் ஆற்றைச் சந்திக்கிறது. தண்ணீர் தன் முன்னால் பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டிய ஆறு இது.

அடுத்தது தரை. இந்தப் பள்ளத்தாக்கைப் பள்ளத்தாக்கு என்று சொல்வதே வழக்கம் கருதித்தான். பனியுகத்தின் முடிவில் அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி இங்கே கிடந்தது. பனிப்பாறை பின்வாங்கியதும் ஏரி வடிந்து, அதன் அடிவண்டல் கருங்களிமண் சமவெளியாக மிஞ்சியது. கோதுமையும் சர்க்கரை பீட்டும் உருளைக்கிழங்கும் செழிக்கிற மண். சரிவு என்று பார்த்தால் மைலுக்கு அரை அடிகூட இல்லை. அப்படிப்பட்ட தரையில் ஆறு கரை மீறினால் நீர் ஒரு திசையில் பாயாது, பரவி நிற்கும். நிலம் முழுவதும் ஒரு மைல் சதுரங்களாக அளந்து, சதுரத்தின் ஓரங்களில் சாலை போட்டிருக்கிறார்கள். மேடாகப் போட்ட அந்தச் சாலைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு அணை. சாலைக்கு அடியில் நீர் போகவேண்டிய குழாய்கள் வசந்தத்தின் தொடக்கத்தில் பனிக்கட்டியால் அடைத்துக் கிடக்கும். ஆகவே தண்ணீர் ஒரு சதுரத்தை நிரப்பி, சாலையைத் தாண்டி, அடுத்த சதுரத்தில் விழுகிறது. அந்த நீரை எந்த அளவுகோலும் அளப்பதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1996 இலையுதிர் காலம் ஈரமானது. களிமண் நிறையக் குடித்து, குடித்தபடியே உறைந்துபோனது. உறைந்த ஈரக்களிமண் சிமெண்டுத் தளத்தைப் போன்றது, மேலே விழும் எதையும் உள்ளே விடாது. அதன்மேல் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஏழு பனிப்புயல்கள். கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட் நாளிதழ் அவற்றுக்கு அகரவரிசையில் பெயர் வைத்தது: ஆண்டி, பெட்டி, கிறிஸ்டோபர் என்று தொடங்கி ஜனவரிக் கடைசியில் கஸ்ட் வரை. தெற்கே ஃபார்கோ நகரத்தில் அந்தப் பருவத்தில் விழுந்த பனி 117 அங்குலம், ஏறக்குறைய பத்தடி. அங்கே பதிவான வரலாற்றில் அதற்குமுன் அவ்வளவு பனி விழுந்ததில்லை.

பெயர்ப்பட்டியலில் அடுத்த எழுத்து ஏப்ரல் வரை காத்திருந்தது. அதுதான் ஹானா.

ஹானா

ஏப்ரலில் இந்தச் சமவெளியின் வானிலை ஏன் இப்படி ஆளையே ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் வரைபடத்திலேயே தெரியும். வடக்கே கனடாவின் ஆர்க்டிக் காற்றுக்கும் தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றுக்கும் நடுவில் கிழக்கு மேற்காக ஒரு மலைகூட இல்லை. மேற்கே ராக்கி மலைகள் மட்டும் வடக்கு தெற்காக நிற்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மலையைத் தாண்டி இறங்கும்போது, மலையின் கிழக்கு அடிவாரத்தில் தாழ்வழுத்தம் சுழன்று உருவாகிறது. கொலராடோவில் உருவாகி வடகிழக்காக நகரும் இந்தச் சுழல்களை உள்ளூர் வானிலையாளர்கள் கொலராடோ தாழ்வு என்றே அழைக்கிறார்கள். சுழலின் முன்பக்கம் வளைகுடாவின் ஈரத்தை அள்ளி வடக்கே கொண்டுவரும். பின்பக்கம் ஆர்க்டிக் குளிரைத் தெற்கே இழுத்துவரும்.

வசந்தத்தில் இதற்கு இன்னொரு தூண்டுதலும் கிடைக்கிறது. தெற்கில் பனி உருகிவிட்ட கரிய வயல்கள் வெயிலைக் குடித்துச் சூடாகின்றன. வடக்கில் பனி போர்த்திய வயல்கள் அதே வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குளிர்ந்தே கிடக்கின்றன. பனியின் ஓரமே இரண்டு பருவங்களுக்கு நடுவே கோடு போட்டதைப்போல் ஆகிவிடும். அந்தக் கோட்டின்மேல் புயல் வந்து நின்றால், கோட்டுக்குத் தெற்கே மழையும் வடக்கே பனியும் விழும். கோட்டை ஒட்டிய இடத்தில் விழுவது உறைமழை.

மூன்றில் மனிதர்களை அதிகம் முடக்குவது உறைமழைதான். மேலடுக்கில் காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் துளி நீராகவே இறங்குகிறது. தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே இருப்பதால், துளி தொட்ட இடத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. கிளையில், கம்பியில், மின்கம்பத்தில் சுற்றிச் சுற்றி ஏறும் அந்தக் கண்ணாடியின் எடை கொஞ்சநஞ்சமல்ல. பிறகு காற்று வரும். ஹானாவில் காற்றின் வீச்சு மணிக்கு 50 மைலைத் தாண்டியது. பனிக்கட்டி ஏறிய கம்பிகள் அந்தக் காற்றில் கம்பங்களோடு சாய்ந்தன. ஆற்றங்கரையில் வெள்ளத்தோடு போராடிக்கொண்டிருந்த ஊர்களில் மின்சாரம் போனது. இந்த நாட்டு வீடுகளுக்கெல்லாம் நிலத்தடி அறை உண்டு. அதில் ஊறும் நீரை இறைத்துத் தள்ளும் மோட்டார், மின்சாரம் இல்லாமல் நின்றது. வெள்ளம் தெருவில் வருவதற்கு முன்பே பல வீடுகளுக்குள் நீர் தரைக்கு அடியிலிருந்து வந்துவிட்டது.

இதில் என்னை அதிகம் உலுக்குவது ஏடா என்ற ஊரின் நிலை. கிராண்ட் ஃபோர்க்ஸுக்குத் தெற்கே, மினசோட்டா பக்கத்தில், வைல்ட் ரைஸ் ஆற்றின் அருகே இருக்கும் சின்ன ஊர். பனிப்புயல் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. கண் தெரியாத பனிக்காற்றில், தெருவில் ஓடும் பனிநீரில், மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. வெள்ளத்திலிருந்து தப்பிப்பவர்கள் நனைந்திருப்பார்கள். பனிப்புயலில் நனைந்த உடம்போடு இருப்பது உயிருக்கே ஆபத்து. பிறகு குளிர் இறங்கியதும் வீடுகளுக்குள் நின்ற நீர் உறைந்தது.

புயல் ஆற்றுக்குச் செய்தது

ஹானா போன பிறகு பார்த்தால், அது ஒரே சமயத்தில் மூன்று தீங்குகளைச் செய்திருந்தது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: ஏற்கெனவே நிறைந்திருந்த நிலத்தின்மேல் இன்னும் நீரைக் கொட்டியது. மழையாக விழுந்தது உடனே ஓடியது; பனியாக விழுந்தது கணக்கில் சேர்ந்தது.

இரண்டாவது அவ்வளவாகக் கண்ணில் படாதது, ஆனால் அதுதான் கொடியது என்று நினைக்கிறேன். புயலுக்குப் பின் வந்த குளிர் உருகலை நிறுத்திவைத்தது. சாதாரண ஆண்டில் உருகல் தெற்கிலிருந்து வடக்காகப் படிப்படியாக நகரும். தலைப்பகுதியின் நீர் ஒரு நாள், நடுப்பகுதியின் சிற்றாறுகள் வேறொரு நாள் என்று முறைவைத்து வரும். அந்த வாரத்தின் குளிர் அந்த முறையைக் கலைத்துவிட்டது. எல்லா வயல்களிலும் நீர் உறைந்து காத்திருந்தது. ஏப்ரல் நடுவில் வெப்பம் திரும்பியபோது, தனித்தனியே வரவேண்டியவை ஒன்றாகக் கிளம்பின. கிராண்ட் ஃபோர்க்ஸில் ரெட் நதியோடு கிழக்கிலிருந்து ரெட் லேக் ஆறு வந்து கூடுகிறது; ஊரின் பெயரே அந்தக் கூடலால் வந்தது. இரண்டும் சேர்ந்து நிரம்பின.

மூன்றாவது, நாட்களைத் தின்றது. கரை கட்டுகிறவர்களுக்கு மணலைவிட அரிய பொருள் நேரம். சாலை மூடி, மின்சாரம் போய், உறைந்த மணலைக் கடப்பாறையால் உடைக்கவேண்டிய நிலையில் போன நாட்கள் திரும்பவில்லை.

எண்

இவ்வளவுக்குப் பிறகும் அறிவிக்கப்பட்ட எண் மாறவில்லை. புயலுக்கு முன் 49. புயலுக்குப் பின்னும், ஏப்ரல் நடு வரை, 49 தான்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மினசோட்டாவின் சான்ஹாசனில் இருக்கும் ஆற்று முன்னறிவிப்பு மையம் பிப்ரவரியில் கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு இரண்டு எண்களைக் கொடுத்தது. இனி மழையோ பனியோ விழாவிட்டால் 47.5 அடி, வழக்கமான அளவு விழுந்தால் 49 அடி. இவை இரண்டு நிபந்தனைகளுக்கான இரண்டு கணக்குகள். மக்கள் அதை அப்படிப் படிக்கவில்லை. குறைந்தால் 47.5, மிஞ்சிப்போனால் 49 என்று படித்தார்கள். இரண்டு எண்ணைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் ஆய்வாளர்கள் இதைத் தனியாகவே எடுத்து எழுதினார்கள்: அந்தக் கணிப்பு எவ்வளவு பிசகக்கூடும் என்பது எண்ணோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை.

அதற்கு மேல், 49 என்ற எண் ஊருக்குப் பழக்கமான எண்ணாக இருந்தது. 1979இல் ஆறு 48.8 அடி ஏறியது. ஊர் அதைச் சமாளித்தது. நடுத்தர வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது நேரில் பார்த்த நினைவு. 1897இல் 50.2 அடி ஏறியிருந்தது, ஆனால் அதைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. 49 என்றதும் மனசு 1979ஐ நினைத்தது. அன்று ஜெயித்தோம், இன்றும் ஜெயிப்போம். நகர நிர்வாகம் 49க்கு மேல் மூன்றடி கூட்டி, 52 அடிக்குக் கரையை உயர்த்தியது. தொண்டர்கள், மாணவர்கள், படைவீரர்கள் எல்லாம் இரவு பகலாக மூட்டை அடுக்கினார்கள். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. 52 அடிக்கு என்று கட்டிய கரை 52 அடி வரை நின்றது.

வெள்ளக் காப்பீடு எடுத்துக்கொள்ளும்படி அரசு அந்தக் குளிர்காலத்தில் விளம்பரம் செய்தது. பாலிசி எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். பிப்ரவரி அறிவிப்புக்குப் பிறகு அதற்கு நேரம் இருந்தது. எடுத்தவர்கள் மிகச் சிலர். 49க்குக் கரை இருக்கும்போது எதற்குக் காப்பீடு? அந்தக் கேள்வியில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. பிழை எண்ணில் இருந்தது.

எண் ஏன் தவறியது? பனியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கணிப்பதில் மட்டும் சிக்கல் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய இடைவெளி வந்திருக்காது. ஆற்றில் வினாடிக்கு இத்தனை கன அடி ஓடினால் நீர்மட்டம் இத்தனை அடி நிற்கும் என்று ஒவ்வோர் அளவிடத்துக்கும் ஒரு வளைகோடு வைத்திருப்பார்கள். பழைய வெள்ளங்களில் அளந்த புள்ளிகளைச் சேர்த்து வரைந்த கோடு அது. 1979இன் புள்ளிக்கு மேல் அந்தக் கோடு வெறும் ஊகம். 1997இல் ஓட்டம் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியபோது, நிஜ ஆறு அந்தக் கோட்டின் வழியே போகவில்லை. ஊருக்குள் இருக்கும் பாலங்களில் நீர் முட்டித் தேங்கியது. கிட்டத்தட்டச் சரிவே இல்லாத ஆற்றில் அந்தத் தேக்கம் மேல்நோக்கிப் பரவியது. சாலைச் சதுரங்களைத் தாண்டித் தாண்டி வந்த வயல்வெளி நீர் அளவுகோல்களுக்கு அகப்படாமல் வந்து சேர்ந்தது. ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் மட்டம் நிறையக் கூடியது.

ஏப்ரல் நடுவுக்குப் பிறகு எண் நகரத் தொடங்கியது. ஐம்பது ஆனது, ஐம்பதைத் தாண்டியது, பிறகு ஒரே நாளுக்குள் ஒரு தடவைக்கு மேல் திருத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கரையின்மேல் இன்னொரு வரிசை மூட்டை. ஆறு முன்னே, எண் பின்னே.

18, 19

ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை, லிங்கன் டிரைவ் குடியிருப்பில் கரை விட்டுக்கொடுத்தது. சைரன் ஒலித்தது. அடுத்தடுத்த குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னார்கள். எதிர்க்கரையிலும் கரைகள் உடைந்தன. ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ் முழுவதும் வெளியேறியது. கிராண்ட் ஃபோர்க்ஸில் பத்தில் ஒன்பது பேர் வீட்டைவிட்டுப் போனார்கள். மேற்கே இருந்த விமானப்படைத் தளத்தின் விமானக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான கட்டில்கள் போட்டார்கள்.

19ஆம் தேதி பிற்பகல், நீரில் நின்ற நகர மையத்தில் செக்யூரிட்டி கட்டடத்தில் தீ பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இடுப்பளவு பனிநீரில் நின்றார்கள். சுற்றிலும் தண்ணீர், குழாயில் அழுத்தம் இல்லை. நகரின் நீரேற்று நிலையம் மூழ்கிவிட்டிருந்தது. வானிலிருந்து ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்டின. 11 கட்டடங்கள் எரிந்தன. பனிப்புயல்களுக்குப் பெயர் வைத்த ஹெரால்ட் பத்திரிகையின் அலுவலகமும், நூற்றாண்டுக்கு மேற்பட்ட அதன் ஆவணங்களும் அதில் போயின. ஆனால் பத்திரிகை ஒரு நாளும் நிற்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் உட்கார்ந்து எழுதி, செயிண்ட் பால் நகரத்தில் அச்சிட்டு, முகாம்களுக்கு இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தெருவில் என்ன நிலை என்று அந்த மக்களுக்குச் சொன்னது அதுதான். 1998இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி இதுவே.

ஆறு 54.35 அடியில் நின்றது. சொன்னதைவிட ஐந்தடிக்கு மேல். அந்தச் சமதரையில் ஐந்தடி என்றால் ஊர் முழுதும். ஆனாலும் இரு நகரங்களிலும் வெள்ளம் ஓர் உயிரையும் கொண்டுபோகவில்லை. மேயர் பாட் ஓவன்ஸ் வெளியேறச் சொன்னபோது மக்கள் வெளியேறினார்கள். ரெட் நதிப் பகுதி முழுவதுமாக இழப்பு 350 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

நீர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. கனடாவில் ஏப்ரல் 29 அன்று செயிண்ட் அகத் என்ற ஊர் மூழ்கியது. ஆனால் வினிபெக் பெருநகரம் தப்பித்தது. 1950 வெள்ளத்தில் அடிபட்ட பிறகு, மாநில முதல்வர் டஃப் ராப்ளின் நகரத்தைச் சுற்றி ஆற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வைத்தார். 1968இல் வேலை முடிந்தது. இவ்வளவு பணத்தில் ஒரு பள்ளமா என்று அந்நாளில் எதிர்த்தவர்கள் உண்டு. 1997இல் அந்தக் கால்வாயும், சில நாட்களுக்குள் வயல்வெளியில் எழுப்பிய நீண்ட மண்கரையும் நகரத்தைக் காத்தன. ஹானாவின் நீரும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போயிருக்கும்.

பிறகு

கோபம் முதலில் வானிலைச் சேவையின்மேல் பாய்ந்தது. எல்லாவற்றையும் இழந்தவர்களின் கோபம் அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிப்ரவரியிலேயே பெரிய வெள்ளம் வருகிறது என்று சொன்னவர்களும் அவர்கள்தான். ஓர் எண்ணைக் கேட்டவர்களுக்கு அவர்கள் ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். 60 அடி ஏறவும் வாய்ப்பு உண்டு, சிறிது என்றாலும் உண்டு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நகரம் என்ன செய்திருக்கும்? கரையை இன்னும் உயர்த்தியிருக்குமா தெரியாது. காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், புகைப்பட ஆல்பங்களை மாடிக்கு ஏற்றியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த சில ஆண்டுகளில் முன்னறிவிப்பின் வடிவமே மாறியது. வசந்த வெள்ள அறிவிப்பில் இன்று ஒற்றை எண் வருவதில்லை. இந்த மட்டத்தைத் தாண்ட இத்தனை சதவீத வாய்ப்பு என்று வரிசையாக வருகிறது. ஏப்ரலில் ஒரு ஹானா வரலாம், வராமலும் போகலாம் என்பது அந்தச் சதவீதங்களுக்குள் அடக்கம். பல ஆண்டுகளின் பழைய வானிலையை ஒவ்வொன்றாக இன்றைய பனியின்மேல் ஓட்டிப்பார்த்து அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

இரண்டு ஊர்களும் ஆற்றிடமிருந்து பின்வாங்கிக் கட்டின. கரையோரத்து நூற்றுக்கணக்கான வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, 2,200 ஏக்கர் புல்வெளி விட்டார்கள். 60 அடி வெள்ளத்தைத் தாங்குமளவுக்குப் புதிய கரையும் சுவரும் அதற்குப் பின்னால் எழுந்தன. 2009இல் ஆறு 49.33 அடி ஏறியது. 2011இல் 49.87. 1997இல் எல்லோரும் எதிர்பார்த்து நின்ற அந்த எண் இரண்டு தடவை வந்து போனது, ஊர் நனையவில்லை. வீடுகள் நின்ற லிங்கன் டிரைவ் இன்று ஒரு பூங்கா. ஆறு கரை மீறும் வசந்தங்களில் அந்தப் புல்லின்மேல் நீர் ஏறுகிறது, சில நாள் நிற்கிறது, வடிகிறது.